கம்பெனி வீட்டுப் பிள்ளைகள்

ஆண்டு விழா என்றால் நம் சங்கத்தில் நாடகம் இல்லாமற் போவதில்லை. ஒத்திகைக்கு இடம் கிடைக்காது. கதாநாயகனுக்கு அலுவலகத்தில் விடுப்புக் கிடைக்காது. கடைசி வாரத்தில் எவருக்கேனும் தொண்டை கட்டிக்கொள்ளும். ஆயினும் குறித்த நாளில் திரை உயர்ந்துவிடும். நாடகம் முடிந்து அரிதாரம் கலைக்கும் வேளையில், அவ்வாண்டு முதன்முறையாக மேடையேறிய இளைஞர் ஒருவர் மெல்ல நம்மை அணுகி, "சார், இதையே தொழிலாகக் கொள்ள வழி உண்டா?" என்று வினவுவதும் ஆண்டுதோறும் நிகழ்வதே. "முதலில் படிப்பை முடி, தம்பி" என்பது நாம் வழக்கமாகக் கூறும் விடை. அவ்விடையில் அவருக்கு நிறைவில்லை. உண்மையைச் சொன்னால் நமக்கும் இல்லை. நடிகனாக விரும்பிய தமிழ்ச் சிறுவன் நூறாண்டுகளுக்கு முன் எந்த வாயிலில் நின்றான், எவரிடம் கற்றான், எதைக் கொடுத்து எதைப் பெற்றான் என்ற வரலாற்றை எடுத்துரைப்பதே அவ்வினாவுக்கு நாம் அளிக்கத்தக்க நேர்மையான விடை என்று எண்ணி இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

அந்த வாயிலுக்குப் 'பாய்ஸ் கம்பெனி' என்று பெயர். பெயர் ஆங்கிலமாயினும் பொருள் தமிழ்நாட்டுப் பொருளே. முழுக்க முழுக்கச் சிறுவர்களையே நடிகர்களாகக் கொண்டு, ஊர் ஊராகச் சென்று, கொட்டகை போட்டு மாதக்கணக்கில் நாடகம் நடத்திய குழு அது. இருபதாம் நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டில் தோன்றி, ஐம்பதாம் ஆண்டளவில் மறைந்தது. இடைப்பட்ட அந்த நாற்பது ஆண்டுகளில் அது உருவாக்கிய நடிகர்களே தமிழ்த் திரையுலகின் முதல் இரு தலைமுறையையும் ஆண்டனர் என்றால் மிகையாகாது.

இதன் தோற்றத்தை அறிய வேண்டுமானால் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகளிடமிருந்து தொடங்க வேண்டும். 1867ஆம் ஆண்டு தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர் சுவாமிகள். பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் பயின்றவர். சிறிது காலம் உப்பளத்தில் கணக்கெழுதியவர். தம் 24ஆம் வயதில் நாடகத்துறை புகுந்தார். இரணியன், இராவணன், எமன், சனீசுவரன் முதலிய உக்கிர வேடங்களே அவருக்கு வாய்த்தவை. ஒருமுறை சனீசுவரனாக நடித்துவிட்டு, விடியற்காலையில் வேடம் கலைக்க நீர்நிலைக்குச் சென்ற அவரைக் கண்டு பெண் ஒருத்தி அஞ்சி உயிர்விட்டாள் என்றும், அதன்பின் அவர் வேடம் புனைவதையே துறந்து ஆசிரியராக அமர்ந்தார் என்றும் நாடக உலகில் வழிவழியாகச் சொல்லி வருவர். அது எவ்வாறாயினும், நடிப்பதை விடுத்து எழுதுவதிலும் பயிற்றுவதிலும் அவர் இறங்கியது தமிழ் நாடகத்துக்குப் பெரும் பேறாயிற்று. வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன் சரித்திரம், சத்தியவான் சாவித்திரி என இன்றும் வழங்கும் நாடகங்கள் அவர் இயற்றியவை. நாடகக்காரர் மொழியில் ஆசிரியருக்கு 'வாத்தியார்' என்று பெயர். பின்னாளில் அச்சொல் யாருக்கு உரியதாயிற்று என்பதை நம் வாசகர் அறிவர்.

அக்காலத்தில் பெரியவர்கள் நடத்திய நாடகத்துக்கு 'ஸ்பெஷல் நாடகம்' என்று பெயர். ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார். ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்து வருவார். பபூனும் ஆர்மோனியக்காரரும் எங்கிருந்தோ வந்து சேர்வர். ஒத்திகை என்பது கிடையாது. எல்லாரும் சுவாமிகளின் பாடத்தையே மனனம் செய்தவர்களாதலின் எவரோடும் எவரும் நடிக்க இயன்றது. ஆனால் புகழ்பெற்ற நடிகர் சிலர் நேரத்துக்கு வருவதில்லை. வந்தாலும் நிதானத்தில் இருப்பதில்லை. மேடையிலேயே ஒருவரையொருவர் மடக்கிக் கேள்வி கேட்டுக் கதையை அம்போவென்று விட்டுவிடுவதும் உண்டு. இவர்களோடு போராடிச் சலித்த சுவாமிகள், வளைகின்ற பருவத்தில் உள்ள சிறுவர்களைக் கொண்டே ஒழுங்கான நாடகத்தை நடத்திக் காட்ட முற்பட்டார். 1918இல் மதுரையில் தோன்றிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை அம்முயற்சியின் விளைவு. அதற்கு முன்னரே ஜெகந்நாத ஐயரின் மதுரை பால மீனரஞ்சனி சங்கீத சபை இருந்தது. பின்னர் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியும், யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் குழுவும், நவாப் ராஜமாணிக்கத்தின் தேவி பால விநோத சங்கீத சபையும் புகழோடு விளங்கின.

இனி, இக்கம்பெனிகளுக்குப் பிள்ளைகள் எங்கிருந்து வந்தனர்? கலையார்வத்தால் வந்தவர் சிலர். பசியால் வந்தவர் பலர். இதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை.

கண்டியை அடுத்த நாவலப்பிட்டியில் 1917இல் பிறந்து, தந்தையை இழந்து, தாயோடும் தமையனோடும் கும்பகோணம் வந்து சேர்ந்த சிறுவன் ஒருவன் ஆனையடிப் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்கு மேல் படிக்க இயலவில்லை. வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமானால் பிள்ளைகள் இருவரும் கம்பெனியில் சேர்வதைத் தவிர வேறு வழியில்லை. தமையன் சக்கரபாணியோடு மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்த அச்சிறுவனே எம்.ஜி.ஆர். நாகர்கோயில் ஒழுகினசேரியில் நாடகக் கொட்டகையில் சோடாவும் தின்பண்டமும் விற்றுக்கொண்டே மேடையைப் பார்த்துப் பாடம் கேட்டுப் பின் அதே மேடையில் ஏறியவர் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன். நவாப் ராஜமாணிக்கத்தின் சபையில் பதின்மூன்று வயதில் சேர்ந்த எம்.என். நம்பியார் பெற்ற மாதச் சம்பளம் 3 ரூபாய். அதில் ஒரு ரூபாயைத் தமக்கென வைத்துக்கொண்டு இரண்டைத் தாயாருக்கு அனுப்புவாராம். இரண்டு ரூபாய்க்காக ஒரு தாய் தன் பிள்ளையைப் பிரிந்திருந்தாள் என்பதை எண்ணிப் பார்த்தால்தான் அக்காலத்தின் வறுமை நமக்கு விளங்கும்.

நடிகவேள் எம்.ஆர். ராதா வீட்டை விட்டுப் புறப்பட்ட காரணம் இன்னும் சிறியது. உண்ணும்போது இன்னொரு துண்டு மீன் கேட்டாராம், தாயார் மறுத்தாராம், எழுந்து போனவர் நாடகக் கம்பெனியில் போய் நின்றார். இதைச் சிரித்துக்கொண்டே சொல்வர். நமக்கென்னவோ முழுதும் சிரிக்கத் தோன்றவில்லை.

சிவாஜி கணேசனின் கதை வேறுவகை. 1928இல் பிறந்த அவர், திருச்சி சங்கிலியாண்டபுரத்தில் வளர்ந்த காலத்தில், அங்கு நடந்த கட்டபொம்மன் கூத்தைக் காணச் சென்று, அதில் வெள்ளைக்காரச் சிப்பாய்களுள் ஒருவனாக நிற்கும் வாய்ப்பும் பெற்றார். வீட்டில் கிடைத்தது அடி. அன்றே நடிகனாவது என்று உறுதி பூண்டு, ஊருக்கு வந்திருந்த பொன்னுசாமிப் பிள்ளையின் கம்பெனியை அடைந்தார். தமக்குத் தாய் தந்தையர் இல்லை என்று பொய் சொல்லிச் சேர்ந்தார். பெற்றோர் இருக்கும் பிள்ளை 'அனாதை' என்று சொல்லி நுழையும் கலைக்கூடம் உலகில் வேறெங்கேனும் உண்டோ, நாம் அறியோம். முதலில் அவருக்குக் கிடைத்தது சீதை வேடம். ஆண்டுகள் பல கழிந்த பின்னரே அவர் தம் வீட்டைக் கண்டார். அன்று சிறுவனாகக் கண்ட கட்டபொம்மன், 1959இல் அவரையே நாயகனாகக் கொண்டு படமாகி, அடுத்த ஆண்டு கெய்ரோவில் நடந்த ஆசிய ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் என்ற பரிசை அவருக்குப் பெற்றுத் தந்தது.

கம்பெனி வந்து தங்கும் ஊரில் வாடகைக்கு ஒரு பெரிய வீடு எடுப்பார்கள். அதுவே கம்பெனி வீடு. பிள்ளைகளுக்கு உணவு, உறக்கம், பாடம், உதை யாவும் அங்கேதான். இரவெல்லாம் நடித்தவர்கள் காலையில் சற்றுத் தாமதித்து எழலாம். பின்னர் வாய்ப்பாட்டு, வசன மனனம், ஒத்திகை. வாத்தியார் பாடத்தைச் சொல்ல, பிள்ளைகள் திருப்பிச் சொல்வர். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத பிள்ளையும் ஐந்நூறு பாடல்களை நெஞ்சில் ஏற்றிக்கொள்வான். உச்சரிப்புப் பிழைத்தால் பிரம்பு. தாளம் தவறினாலும் பிரம்பு. நவாப் ராஜமாணிக்கத்தின் சபையில் வழிபாடும் ஒழுக்கமும் ஒரு மடத்தின் முறைபோல் நடந்தன. வேறு சில இடங்களில் பிள்ளைகள் இரவோடிரவாகச் சுவரேறி ஓடியதும், தேடிப் பிடித்து மீண்டும் கொணர்ந்ததும் உண்டு.

ஆயினும் அங்குக் கற்ற கல்வியின் ஆழத்தை மறுக்க இயலாது. இன்று பெண்வேடம் புனைந்த பிள்ளை நாளை தளபதி, மறுநாள் பபூன். நாடகம் முழுவதும் எல்லாருக்கும் பாடமாக இருக்கும். எவனுக்குக் காய்ச்சல் வந்தாலும் அவன் இடத்தில் இன்னொருவன் ஏறுவான். படுதா இழுப்பதும், பெட்டி சுமப்பதும், ஒப்பனை செய்வதும் பாடத்தில் அடக்கம். ஒலிபெருக்கி வருமுன் கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவனுக்கும் கேட்கும்படி பேச வேண்டும், பாட வேண்டும். செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா ஐந்து கட்டைச் சுருதியில் பாடினார் என்று இன்றும் வியந்து பேசுகிறோமே, அந்தக் குரல் கொட்டகையின் தேவையில் விளைந்தது. பின்னாளில் ஒலிவாங்கியின் முன் நின்ற நடிகர்கள் ஏன் அவ்வளவு உரக்கப் பேசினர் என்று வியப்பவர்கள் இதை நினைவில் கொள்வாராக.

ஆசிரியரின் திறனுக்கும் ஒரு சான்று கூறுவோம். தத்துவ மீனலோசனி சபையில் ஆறு வயதில் சேர்ந்தவர் தி.க. சண்முகம். தந்தையார் கண்ணுசாமிப் பிள்ளை பெண்வேட நடிகர்; உடன்பிறந்தோர் சங்கரன், முத்துசாமி, பகவதி. சிறுவன் சண்முகத்தின் திறனைக் கண்ட சுவாமிகள், அவனுக்கேற்ற நாடகம் ஒன்று வேண்டுமெனக் கருதி, 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தைப் பாடலும் வசனமுமாக ஒரே இரவில் எழுதி முடித்தார். காலையில் பிள்ளைகள் எழுந்தபோது நாடகம் ஆயத்தமாக இருந்தது. பின்னர் பக்கவாத நோயால் வாய்பேச இயலாத நிலையிலும் அவர் தம் பிள்ளைகளை விட்டு அகலவில்லை. கம்பெனியோடு கூடவே சென்று, 1922 நவம்பர் 13இல் புதுச்சேரியில் உயிர்நீத்தார். தி.க. சண்முகம் சகோதரர்கள் 1925இல் மதுரை ஸ்ரீ பால சண்முகானந்த சபை என்ற பெயரில் சொந்தக் கம்பெனி கண்டனர். 'ஔவையார்' நாடகத்தில் அம்மூதாட்டியாகவே வாழ்ந்து காட்டி, 'ஔவை சண்முகம்' என்று நாடு அழைக்கும் நிலையை எய்தினார் அவர்.

இந்தக் கல்விக்கூடத்தில் எல்லாரும் அஞ்சிய தேர்வு ஒன்று உண்டு. அதை நடத்தியது வாத்தியார் அன்று, உடம்பு. பதினான்கு பதினைந்து வயதில் பிள்ளையின் குரல் உடையும். அதற்கு 'மகரக்கட்டு' என்று பெயர். நேற்றுவரை கொட்டகையைக் கட்டிப்போட்ட குரல் இன்று தவளைக் கத்தலாகும். பெண்வேடத்துக்கு உதவாது, ராஜபார்ட்டுக்கு உயரம் போதாது. கம்பெனி முதலாளி சில மாதம் பொறுப்பார், அதன்பின் பொறுக்கமாட்டார். புதிய பிள்ளை ஒருவன் அந்த இடத்துக்கு வந்துவிடுவான்.

புதுக்கோட்டை பி.யு. சின்னப்பா இந்தக் கண்டத்தைத் தாண்டியவர். தத்துவ மீனலோசனி சபையிலும் பின்னர் ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியிலும் பாட்டால் பேர் பெற்றிருந்த அவருக்கு மகரக்கட்டு வந்தது. கம்பெனியை விட்டு ஊர் திரும்பினார். வெறுமனே இருந்தாரில்லை, முறையாகச் சங்கீதம் பயின்றார், சிலம்பமும் குஸ்தியும் பளுத்தூக்கலும் கற்றார். குரல் திரும்பி வந்தது. கூடவே கட்டுடலும் வந்தது. 1936இல் 'சந்திரகாந்தா' வழியாகத் திரைக்கு வந்து, 1940இல் 'உத்தமபுத்திரன்' படத்தில் இரட்டை வேடம் புனைந்து, பாடவும் சண்டையிடவும் வல்ல நாயகனாக நின்றார். 1951இல் முப்பத்தைந்து வயதில் மறைந்தார்.

குரல் திரும்பி வராத பிள்ளைகளின் கதையை எவரும் எழுதவில்லை. ஒரு கம்பெனியில் நாற்பது ஐம்பது பிள்ளைகள் இருப்பர். அவர்களுள் நாம் பெயர் அறிந்தவர் இருவர் மூவரே. எஞ்சியோர் என்ன ஆயினர்? சிலர் ஆர்மோனியம் வாசித்தனர். சிலர் ஒப்பனைக்காரர் ஆயினர். சிலர் ஸ்பெஷல் நாடகங்களுக்குப் போயினர். பள்ளிப் படிப்பும் இல்லாமல், வேறு தொழிலும் அறியாமல், பதினைந்து வயதில் ஊர் திரும்பியோரே மிகுதி. 'கூத்தாடி' என்ற இழிசொல் அவர்களை எதிர்கொண்டது. வழிகேட்டு வரும் இளைஞரிடம் வெற்றி பெற்ற மூவரை மட்டும் காட்டி அனுப்புவது நேர்மையாகாது என்பதனாலேயே இதை இங்கே எழுதுகிறோம்.

அவ்விழிசொல்லை எதிர்த்து மறுபக்கத்திலிருந்து வந்தவர் பம்மல் சம்பந்த முதலியார். இளமையில் தமிழ் நாடகம் என்றாலே வெறுத்தவர் அவர். 1891இல் பல்லாரி கிருஷ்ணமாசாரியாரின் தெலுங்கு நாடகக் குழு சென்னைக்கு வந்து நடித்ததைக் கண்டு மனம் மாறி, அவ்வாண்டே நண்பர் சிலரோடு சுகுண விலாச சபையைத் தொடங்கினார். வழக்கறிஞர்களும் அரசு அலுவலர்களும் ஊதியம் கருதாது நடித்த சபை அது. பிற்காலத்தில் காங்கிரஸ் தலைவராகத் திகழ்ந்த சத்தியமூர்த்தியும் அங்கு வேடம் புனைந்தவர். நீதிபதியாகவும் பணியாற்றிய முதலியார் மாலையில் மனோகரனாக நின்றபோது, ஊரார் 'கூத்தாடி' என்று சொல்ல நா எழாமற் போயிற்று. நம் சங்க நாடகங்கள் இந்தச் சபையின் வழிவந்தவை. பாய்ஸ் கம்பெனியின் வழிவந்தவை அல்ல. நமக்கு நாடகம் தவறினால் மறுநாள் அலுவலகம் உண்டு. கம்பெனிப் பிள்ளைக்கு அது இல்லை. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

பெண்களின் பாதை இன்னும் முள் நிறைந்தது. கும்பகோணம் பாலாமணி அம்மாள் பெண்களையே கொண்டு கம்பெனி நடத்திப் பெரும்புகழ் பெற்றார். அவர் நாடகம் காணச் செல்வோருக்கெனத் தனி ரயிலே விட்டனர் என்பர். கொடுமுடியில் வறுமையில் பிறந்த கே.பி. சுந்தராம்பாள் ரயில் வண்டியில் பாடிக் காசு பெற்ற சிறுமி. அக்குரலைக் கேட்டு நாடக மேடைக்கு அழைத்து வந்தனர். 1935இல் 'நந்தனார்' படத்துக்கு அவர் பெற்ற ஊதியம் ஒரு லட்ச ரூபாய் என்பது அந்நாளில் நாட்டையே வாய்பிளக்க வைத்த செய்தி. திருவையாற்றில் பிறந்த டி.பி. ராஜலக்ஷ்மிக்குச் சிறு வயதிலேயே திருமணம் நடந்தது, அது நிலைக்கவில்லை. வாழ வழி தேடி மேடையேறிய அவரே 1931இல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' படத்தின் நாயகி. 1936இல் 'மிஸ் கமலா'வை இயக்கிய முதல் தமிழ்ப் பெண் இயக்குநரும் அவரே.

'காளிதாஸ்' பம்பாயில் எடுக்கப்பட்ட படம். தமிழ்நாட்டுக்கு வெளியே வாழும் நமக்கு இது சுவையான செய்தி. சென்னையில் 1934இல் சீனிவாசா சினிடோன் தோன்றும் வரை பேசும் படம் பிடிக்க அங்கே ஸ்டுடியோ இல்லை. நடிகன் திரையில் தோன்ற வேண்டுமானால் பம்பாய்க்கோ கல்கத்தாவுக்கோ ரயிலேற வேண்டும். நாடகக் குழுக்கள் பெட்டி படுக்கையோடும், சில சமயம் சமையற்காரரோடும், வடக்கே வந்து இறங்கின. 1933இல் 'வள்ளி திருமணம்' கல்கத்தாவில் உருவாயிற்று, 1935இல் தி.க. சண்முகம் சகோதரர்களின் 'மேனகா'வுக்காக அவர்கள் குழுவே பம்பாய் வந்தது. மொழி தெரியாத ஊரில், சப்பாத்தியைப் பார்த்து முகம் சுளித்துக்கொண்டு, தமிழ் தெரியாத ஒளிப்பதிவாளர் முன் அவர்கள் நின்ற காட்சியை நாம் எளிதில் கற்பனை செய்து கொள்ளலாம். நம்மில் மூத்தோர் பலர் முதல் நாள் அவ்வாறுதானே வந்து இறங்கினோம்!

திரை வந்ததும் பிள்ளைகளின் துயர் தீர்ந்துவிடவில்லை. காத்திருக்கும் இடம் மட்டும் மாறிற்று. 1936இல் எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர் இயக்கிய 'சதிலீலாவதி'யில் எம்.கே. ராதா, டி.எஸ். பாலையா, என்.எஸ். கிருஷ்ணன் ஆகியோரோடு எம்.ஜி.ஆரும் தோன்றினார். அவருக்குக் கிடைத்தது காவல்துறை அதிகாரி வேடம், சில நிமிடங்கள். அடுத்த படத்தில் நாயகனாகி விடுவார் என்று எவரும் எண்ணியிருக்கலாம், ஆகவில்லை. 'தட்சயக்ஞம்', 'மாயா மச்சீந்திரா', 'அசோக்குமார்', 'மீரா' என்று சிறு வேடங்களிலேயே ஆண்டுகள் உருண்டன. 1947இல் ஏ.எஸ்.ஏ. சாமி இயக்கிய 'ராஜகுமாரி'யில்தான் அவர் நாயகனாக வந்தார். முதற்படத்துக்கும் இதற்கும் இடையே பதினோராண்டு! அப்போது அவருக்கு வயது முப்பது. அந்தப் பதினோராண்டையும் உடற்பயிற்சியிலும் வாட்பயிற்சியிலும் செலவிட்டார் என்பதை அவருடைய பிற்காலப் படங்களே காட்டும்.

கணேசனுக்கு நேர்ந்தது வேறு. அண்ணாதுரை எழுதிய 'சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்' நாடகத்தில் அவர் சிவாஜியாக நடித்ததைக் கண்ட பெரியார், அப்பெயரையே அவருக்குச் சூட்டினார். வேலூர் பி.ஏ. பெருமாள் அவரை 'நூர்ஜகான்' நாடகத்தில் பெண்வேடத்தில் கண்டு வியந்து, தாம் எடுக்கவிருந்த 'பராசக்தி'க்கு நாயகனாக்கினார். படப்பிடிப்புத் தொடங்கிய பின், இந்த மெலிந்த இளைஞர் நாயகனுக்கு ஏற்றவர் அல்லர் என்று மாற்றச் சொல்லி நெருக்குதல் வந்தது. பெருமாள் அசையவில்லை. 1952 அக்டோபர் 17, தீபாவளித் திருநாளில் படம் வெளிவந்தது. சீதையாகவும் நூர்ஜகானாகவும் பேசிப் பழகிய நாவு, நீதிமன்றக் காட்சியில் முழங்கியதை நாடு கேட்டது. அந்த முதலாளி மனம் தளர்ந்திருந்தால் பதினைந்தாண்டு நாடகப் பயிற்சியும் மற்ற நாற்பது பிள்ளைகளின் பயிற்சி போன இடத்துக்கே போயிருக்கும். திறமையை மட்டும் நம்புவோரும், அதிர்ஷ்டத்தை மட்டும் நம்புவோரும் இந்நிகழ்ச்சியைத் தத்தம் பக்கம் இழுப்பர். நாம் எப்பக்கமும் சாரவில்லை.

1950இல் தி.க. சண்முகம் சகோதரர்கள் தம் கம்பெனியை மூடினர். திரைப்படக் கொட்டகையில் சில அணாக்களுக்குக் கிடைத்த காட்சியோடு ஐம்பது பேருக்குச் சோறிட வேண்டிய நாடகக் கம்பெனி போட்டியிட இயலவில்லை. நாட்டில் பள்ளிக்கூடங்களும் பெருகின. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் கம்பெனிக்கு அனுப்பும் நிலை மெல்ல ஒழிந்தது. அது ஒழிந்ததற்கு நாம் வருந்தவில்லை. அதனோடு போன பயிற்சிக்கு வருந்துகிறோம். பழைய மரபின் இறுதி இழை ஒன்றும் இங்கே குறிக்கத்தக்கது. 1960இல் 'களத்தூர் கண்ணம்மா'வில் சிறுவனாகத் தோன்றிய கமல்ஹாசன் பின்னர் தி.க. சண்முகத்தின் நாடகக் குழுவில் பயின்றார். 1996இல் தாம் பெண்வேடம் புனைந்த படத்துக்கு 'அவ்வை சண்முகி' என்று பெயரிட்டது அந்தக் கடனை எண்ணியே.

அதன்பின் வாயில்கள் பலவாயின. அலுவலக மாடத்திலிருந்தே நடிகர் வரத் தொடங்கினர். ரயில்வேயில் எழுத்தராக இருந்த நாகேஷ், ஓர் அமெச்சூர் நாடகத்தில் வயிற்றுவலிக்காரனாகச் சில நிமிடம் வந்து துடித்த துடிப்பைக் கண்டு, தலைமை வகித்த எம்.ஜி.ஆர். மேடையிலேயே பாராட்டினார். அக்கவுண்டண்ட் ஜெனரல் அலுவலகத்தில் பணியாற்றிக்கொண்டே நாடகம் எழுதிய கே. பாலசந்தரின் 'சர்வர் சுந்தரம்' அவரை மேலே உயர்த்தி, 1964இல் திரைப்படமுமாயிற்று. பெங்களூரில் பேருந்து நடத்துநராக இருந்த ஒருவர், 1973இல் சென்னையில் திரைப்பட வர்த்தக சபையின் நடிப்புப் பள்ளியில் சேர்ந்து, 1975இல் 'அபூர்வ ராகங்கள்' படத்தில் ஒரு வாயிற்கதவைத் தள்ளித் திறந்துகொண்டு வந்ததை நாடே அறியும். 1977இல் ந. முத்துசாமி நிறுவிய கூத்துப்பட்டறையில் கணக்கெழுதும் வேலையில் இருந்துகொண்டே நடிப்பைக் கண்டு கற்ற விஜய் சேதுபதியும், உப்பளக் கணக்கராக இருந்து வந்த சுவாமிகளும் நூறாண்டு இடைவெளியில் ஒரே வகைப் பேரேட்டைப் புரட்டியவர்கள் என்பது நமக்கு ஏனோ மகிழ்ச்சி தருகின்றது.

பாய்ஸ் கம்பெனி போயிற்று. ஆனால் எந்த ஸ்பெஷல் நாடகத்தின் ஒழுங்கின்மையைக் கண்டு சுவாமிகள் அதை உண்டாக்கினாரோ, அந்த ஸ்பெஷல் நாடகம் போகவில்லை. விடுமுறைக்கு ஊர் செல்லும் அன்பர்கள், பங்குனி சித்திரையில் மதுரை, புதுக்கோட்டைச் சிற்றூர்களின் கோயில் திருவிழாக்களில் அதை இன்றும் காணலாம். மாலைப் பேருந்தில் ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வந்து இறங்குகிறார். வள்ளி வேறோர் ஊரிலிருந்து வருகிறார். இருவரும் அதற்கு முன் ஒருவரையொருவர் கண்டதில்லை. தென்னங்கீற்று மறைப்புக்குள் அமர்ந்து, கைக்கண்ணாடியைப் பார்த்து அரிதாரம் பூசிக்கொண்டு, ஆர்மோனியக்காரரிடம் சுருதியை மட்டும் கேட்டுக்கொள்கின்றனர். இரவு பத்து மணிக்குமேல் திரை விலகுகிறது. வேடன் வினவுகிறான், வள்ளி விடையிறுக்கிறாள். விடியும் வரை இருவருக்கும் அடுத்த சொல் எதுவென்று தெரியும்.